கழித்துப் போட்ட ஐந்து சீசாக்கள்

தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று காட்டும் சீசாவைக் கழுவுகிற வேலைக்குத்தான் நான் போனேன். போடியில் எங்கள் தெருவில் ஒரு வீட்டின் பின்கட்டை ஓர் அம்மா வாடகைக்கு எடுத்திருந்தார். மதுரையில் ஒரு கல்லூரியில் வேலை, மலைத் தண்ணீரை ஆராய்வதற்காக இங்கேயும் வந்து தங்குவார். கிருமிகளைப் பற்றிப் படித்துப் பெரிய பட்டம் வாங்கியவர் என்று தெரிந்ததும் தெருவில் எல்லோரும் டாக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தோம். ஊசி போடச் சொல்லிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. தான் அந்த டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் அந்தப் பேருக்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அதற்கு முன் எழுபதுகள் முழுக்க நான் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து மூட்டை வந்து இறங்கும். சுளகில் கொட்டி, கறுத்த காய், வெடித்த காய், பிஞ்சு எல்லாவற்றையும் பிரித்துக் கழிக்க வேண்டும். பச்சையாக, உருண்டையாக இருப்பது மட்டும்தான் ஏலத்துக்குத் தட்டில் போகும். அந்தத் தட்டில் ஒரு கறுப்பு கிடந்துவிட்டால் வாங்க வந்தவர் அதை இரண்டு விரலால் எடுத்து எல்லோருக்கும் காட்டுவார். அதற்கப்புறம் கணக்குப்பிள்ளை எங்கள் பக்கம் வந்து பேசுகிற பேச்சை எழுத முடியாது. அதனால் கறுப்பைக் கண்டால் யோசிக்காமலே கை போகும். சோற்றில் கல் பொறுக்குகிற மாதிரி.

வாய் பேச வேண்டாத வேலை என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். எழுந்து வாசி என்று வாத்தியார் சொன்னால் எழுந்திருப்பேன், வாசிக்க மாட்டேன். ஆனால் கையெழுத்து நன்றாக இருக்கும். டாக்டரம்மா என்னைச் சேர்த்துக்கொண்டதே அதற்காகத்தான். சீசா கழுவத் தெருவில் எத்தனையோ பேர் இருந்தார்கள். கழுவின சீசாவில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எண் எழுதி ஒட்ட நான் ஒருத்திதான்.

வேலை இப்படி. மூடி போட்ட சின்ன மருந்துச் சீசாக்கள் மதுரையிலிருந்து அட்டைப்பெட்டியில் வரும். சோப்புப் போட்டுக் கழுவி, வாடையே இல்லாமல் அலசிக் காயவைப்பேன். மெல்லிய தாளை ஒரே அளவாக வெட்டி மடித்து ஒவ்வொன்றிலும் போடுவேன். டாக்டரம்மா ஒரு மருந்து காய்ச்சுவார். பழுப்பு நிறம். எலும்புச் சாற்று வாடையும் துருப்பிடித்த இரும்பு வாடையும் சேர்ந்து அடிக்கும். அதை அளந்து தாளின் மேல் விட்டு, சீசாக்களைப் பிரஷர் குக்கரில் அடுக்கி அவிப்போம். சோறு பொங்குகிற மாதிரிக் குக்கர்தான், இதற்கென்று தனியாக வைத்திருந்தார். பிறகு சூட்டில் உலர்த்தினால் மருந்து தாளோடு அடியில் ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். அதைப் பையில் போட்டு எந்த மலைக்கும் கொண்டுபோகலாம்.

தண்ணீரைக் கோடு வரைக்கும் ஊற்றி, மூடி, குலுக்கி, ஒரு நாள் கதகதப்பாக வைத்திருக்க வேண்டும். மனுஷக் கழிவோ மாட்டுக் கழிவோ கலந்த தண்ணீர் என்றால் அதிலுள்ள கிருமி மருந்தைத் தின்று பெருகும். சீசா மை கொட்டினது மாதிரிக் கறுத்துவிடும். நல்ல தண்ணீர் என்றால் பழுப்பாகவே நிற்கும்.

அதற்கு முன்னால் மலைத் தண்ணீரைச் சோதிக்க வேண்டுமென்றால் ஐஸ் பெட்டியில் வைத்து மதுரைக்கு எடுத்துப் போவார்கள். மலையை விட்டு இறங்குவதற்குள் ஐஸ் கரைந்துவிடும். முடிவு தெரிய நாலு நாள் ஆகும். அதற்குள் லயத்தில் பாதிப் பேர் வாந்திபேதியில் படுத்திருப்பார்கள். லயம் என்றால் தோட்டத்தில் வேலைசெய்கிறவர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்டிருக்கும் வீடுகள். தண்ணீர் எடுக்கிற பெண்ணே தன் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்கிற மாதிரி ஒரு பொருள் வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லுவார். வேறு ஊர்களிலும் இதற்கு முயன்றுகொண்டிருந்தார்கள், அவர்கள் எழுதினதைப் படித்துத்தான் தானும் தொடங்கியதாகச் சொன்னார். அவர் கல்லூரியில் சிலர் இதை மைக்கூடு என்று கேலி பேசினார்களாம். அவர் முன்னாலேயே பேசினார்களாம். மூடிகளைத் துடைத்துக்கொண்டே ஒரு நாள் இதைச் சொன்னார், சிரிக்கவில்லை.

போடியில் சீசா சொன்னபடி கேட்டது. சாக்கடை ஓரத்து அடிபம்புத் தண்ணீர் கறுத்தது. காய்ச்சின தண்ணீர் கறுக்கவில்லை. ராசிங்காபுரத்துத் தோட்டக் கிணறு ஒன்று கறுத்தது, பக்கத்துக் கிணறு கறுக்கவில்லை. குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத் தோட்டத்துக்குக் கொண்டுபோனபோதுதான் தகராறு. மாடு இறங்கிக் கலக்கிய குட்டைத் தண்ணீரைக்கூட ஊற்றிப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை. கிருமி வளரச் சூடு வேண்டும். போடியில் ஒரு பெட்டிக்குள் பல்பு எரியவிட்டு அதில் வைப்போம். மலையில் குளிர், லயத்தில் கரண்டும் கிடையாது.

அன்றைக்குப் பையில் இடம் போதாமல் அந்தக் குட்டைத் தண்ணீர்ச் சீசா ஒன்றைச் சேலை மடியில் கட்டிக்கொண்டு ஜீப்பில் இறங்கினேன். வீட்டுக்கு வந்ததும் வேலை மும்முரத்தில் அதை மறந்தே போனேன். அப்படியே படுத்தும் விட்டேன். மறுநாள் காலையில் குளிக்கப் போகும்போது மடியை அவிழ்த்தால் சீசா கறுத்திருந்தது. அதைக் கொண்டுபோய் டாக்டரம்மா மேஜையில் வைத்துவிட்டு நின்றேன். எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தது, இடுப்பைத் தொட்டுக் காட்டினேன். சீசாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனுஷ உடம்புச் சூடே போதும் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அடுத்த ஐப்பசியில் அதே தோட்டத்தில் பெரிய சோதனை வைத்தார். லயத்தில் பத்து வீடு. மேல் வரிசை ஐந்து வீட்டுக்கும் தூரத்து ஓடையிலிருந்து குழாய் இழுத்துத் தொட்டி கட்டியிருந்தார்கள். கீழ் வரிசை ஐந்து வீட்டுக்கும் குழாய் வரவில்லை. அவர்களுக்குப் பாறை இடுக்கில் ஓர் ஊற்று. கண்ணாடி மாதிரித் தண்ணீர், குடித்தால் நெஞ்சு வரைக்கும் குளிரும். ஊற்றுக் கல்லுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தார்கள். செருப்போடு அங்கே யாரும் போவதில்லை. அந்தத் தண்ணீரைக் காய்ச்ச வேண்டும் என்று சொன்னால் அடிக்க வருவார்கள். தோட்டத்து முதலாளி ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். ஊற்றுத் தண்ணீர் கெட்டது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தால் கீழ் வரிசைக்கும் குழாய் போட்டுக் கொடுப்பதாக. அதனால் ஐந்து வீட்டுக்கு நல்ல தண்ணீர் வருவது அந்தச் சோதனையை நம்பித்தான் இருந்தது.

வீட்டுக்கு ஒரு சீசா, பத்துப் பெண்கள் ஆளுக்கொன்றை மடியில் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. டாக்டரம்மாவுக்கு மதுரையில் வேலை இருந்தது. என்னை லயத்தில் விட்டுவிட்டு, மறுநாள் மத்தியானம் ஜீப்பில் வருவதாகச் சொல்லிப் போனார். எந்த எண் எந்த வீட்டில் என்பதை நோட்டில் எழுதிக்கொண்டேன். அது எனக்குச் சுலபம். சீசாவைப் பற்றிப் பெண்களுக்கு எடுத்துச் சொல்வதும் என் பொறுப்பு. அதுதான் கஷ்டம். பத்துப் பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோடு வரைக்கும் ஊற்றுங்கள், மடியில் வையுங்கள், நாளைக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று மட்டும் சொன்னேன். கறுத்தால் என்ன அர்த்தம் என்பதைச் சொல்லவில்லை. அது டாக்டரம்மா பார்த்துச் சொல்ல வேண்டியது என்று நினைத்தது பாதி. மீதி, இன்னும் இரண்டு வாக்கியம் பேச எனக்குத் தெம்பில்லை.

கீழ் வரிசையின் கடைசி வீட்டில் தங்கினேன். அந்த வீட்டுக்காரி என்னைவிடச் சின்னவள். நல்ல பேச்சுக்காரி. எல்லைக்கு அந்தப் பக்கம் கொஞ்ச காலம் வேலைக்குப் போய் வந்தவள், சீசாவைக் குப்பி என்பாள். என்னைப் பார்த்த அரை மணி நேரத்தில் மதினி என்று முறை வைத்துவிட்டாள். அவளுக்கு ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை.

"என்ன மதினி, ஊமைக்கோட்டான் மாதிரி இருக்கீக. குப்பி கழுவுற எடத்துல வாயையும் சேத்துக் கழுவி விட்டாகளா?" என்று கேட்டாள்.

நான் சிரித்தேன். அவளோடு இருக்கும்போது பேசாவிட்டாலும் குறை தெரியாது.

மறுநாள் பத்துப் பேரும் சீசாவை மடியில் கட்டிக்கொண்டே காடு ஏறிவிட்டார்கள். காய் எடுக்கிற காலம், மழை வேறு. செடியின் தூரில் குத்தவைத்து எடுக்க வேண்டும், காலெல்லாம் அட்டை ஏறும். நான் குழந்தையைப் பார்த்துக்கொண்டு லயத்தில் இருந்தேன். காலையில் ஒதுங்குவதற்கு அவள்தான் இடம் காட்டிக் கூட்டிப் போனாள். ஊற்றுக்கு நேர் மேலே, ஏலச் செடி மறைவில், லயத்துப் பெண்கள் எல்லோரும் போகிற இடம் அது. மழைத் தண்ணீர் அங்கிருந்து பாறை மேல் வழிந்து இறங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

மத்தியானம் ஜீப்புச் சத்தம் கேட்குமா என்று பாதை முனைக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினால், பெண்கள் இறங்கி வந்திருந்தார்கள். கூடையில் ஐந்து சீசா துடைத்து நிறுத்தி வைத்திருந்தது. ஐந்தும் பழுப்பு. மீதி ஐந்து சீசா கழுவி, துணி துவைக்கிற கல்லின் மேல் கவிழ்த்திருந்தது.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"அதைக் கழிச்சாச்சு மதினி. கறுத்துப்போயி அழுகின முட்டை கணக்கா நாறுச்சு. அதையெல்லாம் அவுக கையில கொண்டு போய்க் குடுக்க முடியுமா? நல்லதை மட்டும் எடுத்து வச்சிருக்கோம். அந்த அஞ்சையும் எண்ணெய் வாங்க வச்சுக்கிறட்டா?"

எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தோட்டத்திலும் அதே பழக்கம்தான். எடை போடக் கொண்டுபோகும் முன் அழுகினதையும் கறுத்ததையும் பெண்களே கழித்துவிடுவார்கள். ஒன்று கிடந்தாலும் மூட்டை முழுவதையும் கங்காணி கொட்டிக் கிளறச் சொல்வார். முதலாளி கண்ணில் கறுப்பு படக்கூடாது. அந்த ஐந்து பெண்களும் ஒழுங்காக வேலை செய்திருந்தார்கள். கறுத்தால் என்ன என்று நான் சொல்லாமல் விட்டதால்தான் அப்படிச் செய்திருந்தார்கள்.

நோட்டை எடுத்து எண்களைப் பார்த்தேன். கழித்தது ஐந்தும் கீழ் வரிசை.

அப்போது ஜீப்பு வந்துவிட்டது. டாக்டரம்மா மட்டும் வரவில்லை, முதலாளியும் கூட வந்திருந்தார். காய் உலர்த்துகிற ஸ்டோரிலிருந்து கங்காணியும் ஓடி வந்து நின்றார். டாக்டரம்மா கூடையைப் பார்த்து, மீதி எங்கே என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்கு முன், எனக்கு அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாது, கங்காணி முந்திக்கொண்டார். வழுக்குப் பாதையில் விழுந்து உடைந்துவிட்டது என்றார். என்ன நடந்தது என்று அவருக்கே தெரியாது. முதலாளி முன்னால் ஒரு கேள்வி சும்மா நிற்கக்கூடாது என்பதற்காகச் சொன்னது அது. லயத்துப் பெண்கள் ஒருவரும் மறுக்கவில்லை. கங்காணி சொன்னதை மறுத்துவிட்டு மறுநாள் அவர் முன்னால் வேலைக்கு நிற்க முடியாது.

டாக்டரம்மா என்னைப் பார்த்து, "ஒன்னுகூடக் கறுக்கலையாம்மா?" என்று கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன். கறுக்கவில்லை என்கிற மாதிரி ஆட்டினேன். சுற்றிலும் அத்தனை பேர் நின்றார்கள் என்பதைத் தவிர அதற்கு நான் சொல்ல ஒரு காரணமும் இல்லை.

முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. மலைத் தண்ணீரைச் சோதிக்க வேண்டியதே இல்லை என்று தான் முதலிலேயே சொன்னதாகவும், இனிமேல் குழாய்ப் பேச்சு வேண்டாம் என்றும் சொன்னார். இறங்கும்போது ஜீப்பு டிரைவர், தீர்த்தச் சொம்பு கொண்டு போகிற மாதிரி மடியில் கூடையை வைத்திருக்கிறாளே தங்கச்சி என்று கேலி செய்தார். டாக்டரம்மா சிரித்தார். எனக்குக் கூடையைப் பார்க்கவே முடியவில்லை.

வீட்டில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "உனக்கெதுக்கு அந்தச் சோலி. அவுக படிச்சவுக, அவுகளுக்குத் தெரியாததா" என்றார். எனக்கு அது வசதியாக இருந்தது. மறுநாள் சீசா கழுவினேன். அதற்கு மறுநாளும் கழுவினேன். ஒவ்வொரு நாளும் டாக்டரம்மா தனியாக இருக்கும் நேரம் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். அவர் தனியாகத்தான் இருப்பார். நான் கழுவிக்கொண்டே இருப்பேன். அதற்குள் அவர் அறிக்கை எழுதி, அந்தத் தோட்டத்தில் தண்ணீர் நல்லது என்று மதுரைக்கு அனுப்பியும் விட்டார்.

ஒன்பதாம் நாள் ஜீப்பு டிரைவர் தெருவில் என்னைப் பார்த்து நிறுத்தினார். காலையில் மலையிலிருந்து ஒரு குழந்தையை இறக்கிக்கொண்டு வந்ததாகச் சொன்னார். வாந்தியும் பேதியும். நீ தங்கினாயே, அந்த வீட்டுக் குழந்தைதான் என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். தரையில் பாய் விரித்து அவள் உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்குக் காலில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கண் குழிந்து, அழக்கூடச் சத்து இல்லாமல் கிடந்தது. அவள் என்னைக் கண்டதும் நகர்ந்து பாயில் இடம் விட்டாள்.

"பாத்தீகளா மதினி. யாரு கண்ணு பட்டுச்சோ. ஊத்துத் தண்ணிதான் குடுத்தேன், கடைப் பண்டம் ஒன்னுகூடக் குடுக்கல" என்றாள்.

நான் அவளிடமும் சொல்லவில்லை. கொண்டுபோன பிளாஸ்கிலிருந்து அவளுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தேன். குழந்தைக்குக் காய்ச்சின தண்ணீர்தான் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். வெளியே வந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராகப் பின்கட்டுக்குப் போனேன். டாக்டரம்மா தாள் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அது ஒடையலம்மா" என்றேன்.

"எது?"

"சீசா. ஒடையல. கறுத்துப்போச்சு. கறுத்ததைக் கழிச்சுட்டாக."

கத்தரியைக் கீழே வைத்தார். "எத்தனை?"

"அஞ்சும். ஊத்துத் தண்ணி அஞ்சும்."

அப்போது அவர் முகத்தில் வந்தது சந்தோஷம். அதை நான் நன்றாகப் பார்த்தேன். சீசா மலையிலும் வேலை செய்திருக்கிறது, ஒன்றுகூடத் தப்பாமல் செய்திருக்கிறது. ஒரு நொடிதான். அடுத்ததாக, உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார். அன்றைக்கே தெரியும் என்றேன். குழந்தை ஆஸ்பத்திரியில் கிடப்பதையும் சொன்னேன். அந்தச் சந்தோஷம் எங்கே போனது என்று தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒன்பது நாள் பக்கத்துலயே இருந்தீங்களே" என்றார். அதற்கு மேல் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நோட்டை வாங்கி எண்களைப் பார்த்தார். உடைந்தது எல்லாம் கீழ் வரிசை என்று நோட்டிலேயே இருக்கிறது, தானும்தான் பார்க்கவில்லை என்றார். நல்ல முடிவு வந்தால் ஒருவரும் நோட்டைத் திருப்பிப் பார்ப்பதில்லை என்று தன்னிடமே சொல்லிக்கொண்டார். பிறகு காகிதம் எடுத்து, முன்னால் அனுப்பிய அறிக்கை தப்பு என்று எழுத ஆரம்பித்தார். மைக்கூடு என்று சிரித்தவர்களுக்கும் அந்தக் கடிதம் போகும் என்று எனக்குத் தெரிந்தது. நான் பக்கத்தில் நின்று மை ஒற்றும் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாளில் மலைக்குப் போனோம். குழந்தை தேறிக்கொண்டிருந்தது, அவள் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள். லயத்துப் பெண்களைக் கூட்டி உட்கார வைத்தார்கள். கங்காணி ஓரமாக நின்றார். டாக்டரம்மா பேசத் தொடங்கினார். ஊற்றுத் தண்ணீரில் கழிவு கலக்கிறது என்றதும் சலசலப்பு கிளம்பிவிட்டது. ஒரு வயசான அம்மா எழுந்து, மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுகிற தண்ணீரை இப்படிச் சொன்னால் நாக்கு அழுகும் என்றார். எப்படிக் கலக்கும், மாடுகூட அந்தப் பக்கம் போகாதே என்று இன்னொருத்தி கேட்டாள்.

டாக்டரம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. அவர் அந்த லயத்தில் ஒரு நாளும் தங்கினதில்லை. அந்தப் பதில் தெரிந்தவள் நான்தான். லயத்துப் பெண்களுக்கும் தெரியும், ஆனால் கங்காணி நிற்கிற இடத்தில் அதை யார் பேசுவார்கள். உட்கார்ந்தபடியே சொன்னேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். எழுந்து நின்றேன்.

"ஊத்து நல்ல ஊத்துதான் ஆத்தா. அதுக்கு நேர் மேலதான நம்மள்லாம் ஒதுங்கப் போறோம். மழைக்கு அது எங்க போகும்? பாறையில இறங்கி ஊத்துலதான் விழுகுது. நான் கண்ணால பாத்தேன்."

கங்காணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு பின்னால் ஒருத்தி சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்தாள், அப்படியே இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். எழுந்து நின்ற அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஊற்றுப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, நம்ம செஞ்ச பாவம்தானா என்று சொல்லி உட்கார்ந்தார்.

எழுந்தது எழுந்தாயிற்று என்று மீதியையும் சொன்னேன். இது காய் இல்லை, கறுத்ததைக் கழிக்கக் கூடாது, கறுத்த சீசாவைத்தான் முதலில் கொண்டுவர வேண்டும், அதுதான் எங்களுக்கு வேண்டியது. நாறினாலும் பரவாயில்லை, மூடியைத் திறக்காமல் கொண்டாங்க என்றேன். மறுபடி சீசா கொடுத்தோம், ஆஸ்பத்திரியில் இருந்தவளுடையதையும் பக்கத்து வீட்டுக்காரி கட்டிக்கொண்டாள். அந்தத் தடவை கீழ் வரிசைச் சீசாக்கள் ஐந்தும் கறுப்பாகவே கைக்கு வந்தன. முதலாளியிடம் டாக்டரம்மா அதை அப்படியே கொண்டுபோய்க் காட்டினார். குழாய் வர அடுத்த காய் எடுக்கிற காலம் ஆனது. அதுவரை தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தார்கள். குளிருக்கு இதமாக ஏலத்தோலைப் போட்டுக் காய்ச்சினால் பச்சைத் தண்ணீர் இல்லாத குறை தெரியாது என்று அவர்களே வழி கண்டுபிடித்துக்கொண்டார்கள். ஒதுங்குகிற இடத்தையும் சரிவின் அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் நாங்கள் செய்த ஒவ்வொரு சீசாப் பெட்டியிலும் ஒரு தாள் வைக்கத் தொடங்கினோம். கறுத்ததைக் கழுவ வேண்டாம் என்று என் கையெழுத்தில் பெரிதாக எழுதி, வாசிக்கத் தெரியாதவர்களுக்காகக் கறுத்த சீசாவைக் கையில் கொடுக்கிற மாதிரிப் படமும் போட்டோம். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். காய் பொறுக்குகிற ஊரில் மட்டும்தான் அது தேவைப்படும் போலிருக்கிறது.

அவள் குழந்தையோடு லயத்துக்குத் திரும்பின பிறகு ஒரு தடவை போனேன். குழந்தை நடந்து வந்து என் சேலையைப் பிடித்தது. அவள் வாசலில் உட்கார்ந்து காலில் ஏறின அட்டையைச் சுண்ணாம்பு தடவி எடுத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"குப்பி கறுத்தா என்னன்னு அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமாம்ல."

"தெரியும்."

"ஆஸ்பத்திரிக்கு வந்தப்பவும் தெரியும்."

"அப்பவும் தெரியும்."

அட்டையை எடுத்துத் தூர எறிந்தாள். "கழுவிக் கவுத்துனது நானு. அதை நான் யாருகிட்டச் சொல்ல" என்றாள். பிறகு குழந்தையை என் சேலையிலிருந்து பிரித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

சீசா வைத்துப் பார்க்கிற வேலையை அவள் விடவில்லை. பத்து வீட்டில் அவள்தான் அதைத் துல்லியமாகச் செய்தாள். ஆனால் என் கையிலிருந்து வாங்க மாட்டாள். டாக்டரம்மா நீட்டினால் வாங்கிக்கொள்வாள். அவர் வராத தடவைகளில் நான் கூடையைக் கீழே வைத்தபின் குனிந்து எடுத்துக்கொள்வாள். அப்படியே இரண்டு வருஷம் போனது. நான் அதைப் பற்றிப் பேசவில்லை. பேச வேண்டிய நேரத்தில் பேசாதவள், அதற்குப் பிறகு என்ன பேச.

ஒரு மழைக்காலத்தில் காலையில் ஜீப்பு டிரைவர் வீட்டு வாசலில் வந்து ஹார்ன் அடித்தார். பழைய சேலைத் துணியில் சுற்றின ஒன்றைக் கொடுத்தார். உள்ளே ஒரு சீசா. மூடி திறக்கவில்லை, நன்றாகக் கறுத்திருந்தது. கடைசி வீட்டுக்காரி கொடுத்து அனுப்பினாள், டாக்டரம்மா கையில் இல்லை, உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்றாள் என்று சொன்னார். என்ன சொல்லிவிட்டாள் என்று கேட்டேன்.

"குழாய்த் தொட்டித் தண்ணியாம். எங்கயோ குழாய் ஒடைஞ்சு சாக்கடை சேந்திருக்குங்கிறா. பத்து வீட்டுக்கும் காய்ச்சிக் குடிக்கச் சொல்லிட்டாளாம். மதினிய வெரசா வரச் சொல்லுன்னா."

சீசாவைத் துணியோடு பிடித்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினேன். கதவு சாத்தியிருந்தது. டாக்டரம்மா உள்ளே பூஜையில் இருந்தார், மணிச் சத்தம் கேட்டது. வழக்கமாக அந்த மணி நிற்கும் வரை நான் வாசல் திண்டில் உட்கார்ந்திருப்பேன். அன்றைக்குக் கதவைத் தட்டிக்கொண்டே கூப்பிட்டேன். எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்க்கிற அளவுக்குக் கூப்பிட்டேன்.